களத்துக்கு எத்தனை கல்

போன மாதம் எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் கல் பதிக்க அளவெடுக்க வந்தார்கள். வந்தது ஒரு சின்னப் பெண். டேப்பின் முனையை என் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் அழுத்திப் புடிச்சுக்குங்கம்மா" என்றாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள், போனில் தட்டினாள், இத்தனை கல் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் உள்ளே ஏதோ ஒன்று இப்படி உறுத்திக்கொண்டு கிடக்கும். எனக்குப் பேச வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

குத்தாலத்திலிருந்து வாய்க்கால் கரையோடு ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். நான் சொல்வது கூலிக்கும் நிலத்துக்கும் சண்டை நடந்த வருடங்கள். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று புது ஆட்சியில் சட்டம் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் பண்ணையில் வேலை செய்தவர்கள்தான். கூலியாக வந்த நெல்லைப் பண்ணையின் களத்திலேயே காயப்போட்டுக் கொள்வோம். தெருவில் செங்கொடி ஏறியதும் பண்ணை களத்து வாசலைப் பூட்டிவிட்டது. அந்த வருடம் எங்கள் நெல் ஈரத்தோடு பானைக்குள் போய் முளைவிட்டது. முளைத்த நெல்லின் வாடை உங்களுக்குத் தெரியும். புளித்த கஞ்சியும் பச்சைப் புல்லும் சேர்ந்த மாதிரி. வீட்டுக்கு வீடு அந்த வாடை.

அதனால் தெருவுக்கென்று ஒரு களம் வேண்டும் என்று கேட்டு, வாய்க்காலை ஒட்டிய புறம்போக்கில் இடம் வாங்கினார்கள். அது தாழ்ந்த பூமி. தூறல் போட்டாலே சேறு. கல் பதித்தால்தான் உதவும். பஞ்சாயத்து யூனியன் சேர்மன் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டோடு வந்து பார்த்தார். கூட வந்த ஓவர்சீயர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

"ரெண்டடிக்கு ரெண்டடி கருங்கல் பலகை. எத்தன வேணும்னு எழுதிக் குடுங்க. ஒரு தடவதான் வரும். அப்பறம் இன்னும் ரெண்டு குடு, மூணு குடுன்னு வந்து நிக்கக் கூடாது" என்று உள்ளே இருந்தபடியே சொன்னார்.

செங்கொடிச் சங்கத் தலைவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இடத்தை அளக்க அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா பண்ணையில் கோல் பிடிப்பவர். வாய்க்கால் வெட்டினால், குளம் தூர்வாரினால், யார் எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று கோல் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டடி மூங்கில் கோல். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். ஊரில் வேறு கோல் கிடையாது. எங்கள் வீட்டுக் கூரை இறவாணத்தில், இரண்டு கயிற்று வளையத்தில், படுத்த வாக்கில் தொங்கும். தெருவில் இருந்துகொண்டே பண்ணைக்குக் கோல் பிடிக்கிறார் என்று அப்பாவிடம் சிலர் முகம் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்தச் சிலரும், "வாங்கண்ணே, நம்ம களம்ணே" என்று கூப்பிட்டார்கள். அப்பா கோலை எடுக்கப் போனவர் இறவாணத்தின் கீழ் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றார். கயிறு சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன்.

இந்தப் பக்கம் நான்கு கோல். அந்தப் பக்கம் நான்கு கோல். சரிசதுரம். நான்கு மூலையிலும் பூவரசு முளை அடித்தார்கள்.

கல் எத்தனை என்ற கேள்வி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வாத்தியார் ஒருவர்தான், ஐந்து வகுப்புக்கும். அவர் அதை ஐந்தாம் வகுப்புக்குக் கணக்காகவே கொடுத்துவிட்டார். "நாலு கோலுக்கு நாலு கோல். ரெண்டடிக் கல்லு. எத்தனை?" ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஏழு பேர். அதில் நானும் என் அத்தை மகளும் மட்டும் பெண்பிள்ளைகள். அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவள். இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள்.

ஒரு கோல் பன்னிரண்டு அடி. நான்கு கோல் நாற்பத்தெட்டு அடி. இரண்டடிக் கல்லை வரிசையாக வைத்தால் இருபத்து நான்கு. அப்படி இருபத்து நான்கு வரிசை. இருபத்து நான்கை இருபத்து நான்கால் பெருக்கினேன். ஐந்நூற்று எழுபத்தாறு. சிலேட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன். அதைத் தூக்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் கை மடியை விட்டு எழும்பவில்லை. சிலேட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சார்! அஞ்சுநூத்தி எழுவத்தாறு சார்!"

அத்தை மகள் எழுந்து நின்றே சொல்லிவிட்டாள். வாத்தியார் அவள் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். தானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். "சபாஷ்" என்றார். மடிக்குள் இருந்த என் சிலேட்டைக் கோவையிலை வைத்துத் துடைத்தேன். இலைச்சாறு பச்சையாக இறங்கியது. இலை கிழியும் வரை துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் காலம். சங்கத் தலைவர் தெருவில் நின்று, "நம்ம தெருவுக் கணக்க நம்ம புள்ளயே போட்டுருக்கு! ஆனி மாசம் இவளக் குத்தாலத்துல ஆறாவது சேக்கிறோம். சர்க்கார் ஹாஸ்டல் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். தலைவர் வீட்டு அம்மா அவளுக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கிக் கொடுத்தாள். புது ரிப்பன். ஓரம் பிசிறாதது. அவள் தலையைத் திருப்பும்போதெல்லாம் அது தனியாக ஒருமுறை ஆடும். அடிபம்பில் தண்ணீர் அடிக்க நின்றால், "வாடி கணக்குப்புள்ள, நீ முன்னாடி புடி" என்று குடத்தை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். எனக்குப் பின்னால் வந்தவள் எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போவாள்.

அம்மாகூட விடவில்லை. "அவளப் பாரு, வாயத் தொறந்து பேசுறா. நீயும் இருக்கியே, கொழுக்கட்டைய அடச்ச மாதிரி."

என் சிலேட்டிலும் அதே எண்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? அவள் தூங்கும்போது அந்த ரிப்பனை அவிழ்த்து அடுப்பில் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அவளுக்கு அம்மை போட வேண்டும் என்றுகூட மாரியம்மனிடம் கேட்டிருக்கிறேன். பத்து வயதுதான் எனக்கு. வயதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை.

சித்திரையில் கல் வந்தது. எங்கள் பக்கம் களிமண் பூமி. காலில் இடறக்கூட ஒரு கல் கிடையாது. கோயிலில் பார்த்ததுதான் கல். இரண்டு லாரியில் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக வந்து இறங்கியபோது, ஊரே போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. உளி கொத்திய பக்கம் நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. மத்தியானத்தில் கால் வைத்தால் துள்ள வேண்டும். கோடை மழை ஒன்று பெய்தது. ஈரம் பட்ட கல்லிலிருந்து ஒரு வாசனை வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் முகராத வாசனை.

திருவிடைமருதூரிலிருந்து வந்த கொத்தனார், கல்லும் கல்லும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, பத்து நாளில் பதித்தார். கடைசிக் கல்லும் தீர்ந்தது. களம் தீரவில்லை. வாய்க்கால் பக்கமும் தெருப் பக்கமும் ஒரு கல் அகலத்துக்கு வெறும் மண் நீளமாகக் கிடந்தது.

"நாப்பத்தொம்பது கல்லு கொறையுதுங்க" என்றார் கொத்தனார்.

முதலில் கல்லைச் சந்தேகப்பட்டார்கள். கொத்தனார் தன் அடிக்கோலை வைத்துக் காட்டினார். இரண்டடி, நூல் பிசகாமல். பிறகு இடத்தைச் சந்தேகப்பட்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா அதே கோலைக் கொண்டுவந்தார். முளையிலிருந்து முளைக்கு நான்கு கோல். மறுபக்கமும் நான்கு கோல். எல்லோரும் சுற்றி நின்று வாய்விட்டு எண்ணினார்கள்.

"கல்லும் சரி, அளவும் சரி. அப்ப கணக்குதான் தப்பு" என்றார் ஒருவர்.

கொத்தனார் கையில் அடிக்கோல் இருந்தது. அப்பா கையில் மூங்கில் கோல் இருந்தது. ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பார்க்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கோல் அளக்கும். கோலைப் போய் யார் அளப்பார்கள்?

ஓவர்சீயர் முன்பே சொன்ன மாதிரி, கூடுதலாக ஒரு கல்கூட இல்லை என்று யூனியன் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை என்ற பெயர் ஒரே நாளில் மாறியது. "ஏ நாப்பத்தொம்பது! அந்தக் கொடத்துக்கு எத்தன செம்பு தண்ணின்னு கணக்குப் போட்டுச் சொல்லுடி!" என்று அடிபம்பில் சிரித்தார்கள். குடத்தை யாரும் நகர்த்தவில்லை. அவள் வரிசையில் கடைசியில் நின்றாள், எனக்குப் பின்னால். அந்தச் சித்திரை வெயிலில் என் நெஞ்சுக்குள் மட்டும் குளுகுளுவென்று இருந்தது. நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தப் பெயர் எனக்கு வந்திருக்கும்.

ஆனால் அவள் அழவில்லை. "எங் கணக்கு சரிதான். வேணும்னா நீங்க போட்டுப் பாருங்க" என்று பெரியவர்களிடமே சொன்னாள். போட்டுப் பார்க்கத் தெரிந்த பெரியவர் தெருவில் ஒருவரும் இல்லை. தானும் போட்டுப் பார்த்த வாத்தியார் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார். அங்கிருந்தே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அவருக்குச் செய்தி போயிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்.

அவளுடைய அப்பா, என் மாமா, ஒரே பிடியாக நின்றார். "தெருவே காறித் துப்புது. இவளுக்குப் படிப்பு ஒரு கேடா? இந்தக் கணக்கு சரின்னு யாராவது ஒருத்தன் சொல்லட்டும், குத்தாலத்துக்கு அனுப்புறேன். இல்லன்னா நடவுக்குப் போகட்டும்."

வைகாசியில் ஒருநாள் பண்ணையின் பெரிய வாய்க்காலில் தூர் எடுத்தார்கள். அப்பா கோலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் களம். தோள் கடுத்தது. கோலைக் கல்லின் மேல் இறக்கி வைத்தேன். பூண் டங்கென்றது.

ஒரு முனை, கல்லின் விளிம்புக்குச் சரியாக விழுந்திருந்தது. சும்மா எண்ணினேன். கல் இரண்டடி, கோல் பன்னிரண்டடி. ஆறு கல்லோடு கோல் முடிய வேண்டும். முடியவில்லை. ஆறு கல்லைத் தாண்டி ஏழாவது கல்லுக்குள் நுழைந்து நின்றது. விரல் வைத்துப் பார்த்தேன். எட்டு விரல். கால் கல். அரை அடி.

இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். மறுபடியும் எட்டு விரல். கோலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எட்டு விரல்.

கோல் பன்னிரண்டடி இல்லை. பன்னிரண்டரை. நான்கு கோல் நாற்பத்தெட்டு அடி இல்லை, ஐம்பது அடி. ஒரு வரிசைக்கு இருபத்தைந்து கல். இருபத்தைந்து வரிசை. அறுநூற்று இருபத்தைந்து. அதில் வந்த ஐந்நூற்று எழுபத்தாறைக் கழித்தால் நாற்பத்தொன்பது. விரலால் தரையில் எழுதக்கூட இல்லை. குந்தியபடியே மனசுக்குள் போட்டேன். என் வாழ்நாளில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

தலையைத் தூக்கினால் எதிரே அப்பா. கோல் வரவில்லை என்று அவரே தேடி வந்திருக்கிறார். நான் குந்தி உட்கார்ந்து ஏழாவது கல்லில் விரல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார். குனிந்து கோலை எடுத்தார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான் அவருக்கு எப்போதுமே தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

தூர்வாரும் வாய்க்காலில் எங்கள் தெரு ஆட்கள் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. அப்படி ஒவ்வொரு குழிக்கும் பன்னிரண்டு சதுர அடிக்கு மேல் கூலியில்லாமல் சும்மா வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருடமாகவோ.

இதை நான் சொல்லியிருந்தால் அப்பாவைத் தெரு சும்மா விட்டிருக்காது. பண்ணையும் விட்டிருக்காது. அப்பாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டும் உண்மையாக இருந்தால், அடுத்து நடந்தது நடந்திருக்காது.

அத்தை மகள் என்னைத் தேடி வந்தாள். ரிப்பன் இல்லை. வாழைநாரில் சடையைக் கட்டியிருந்தாள்.

"ஏ புள்ள, அன்னைக்கு நீயும் போட்டியில்ல? எழுதுனத நான் பாத்தேன். கவுத்து வச்சுக்கிட்ட. உனக்கும் அஞ்சுநூத்தி எழுவத்தாறுதான வந்துச்சு?"

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"தலைவர் வீட்டுக்கு வந்து அத மட்டும் சொல்லு புள்ள. வேற ஒண்ணும் பேச வேணாம். ரெண்டு பேருக்கு ஒரே விடைன்னா எங்கப்பா ஒத்துக்கும். பள்ளிக்கூடம் தொறக்க எட்டு நாளுதான் இருக்கு."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம். தலைவர் வாசலில் ஆடு கட்டிக்கொண்டிருந்தார். மாமா இருந்தார், அப்பா இருந்தார், இன்னும் நாலைந்து பேர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னை அப்படி எல்லோரும் பார்த்தது அதுவே முதல் தடவை.

"சொல்லும்மா, பயப்படாத. உனக்கு எத்தன வந்துச்சு?" என்றார் தலைவர்.

எனக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். என் கையை இன்னும் விடவில்லை.

"அறுநூத்தி இருவத்தஞ்சு" என்றேன்.

என் நாக்கு ஒட்டவில்லை. தெளிவாக வந்தது. அவள் கை நழுவியது.

"அடேயப்பா!" என்றார் தலைவர். "கொத்தனார் சொன்னதோட சரியா வருது பாரு! ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"அது வாயத் தொறக்காதுங்கண்ணே, சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்று பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. எப்போது வந்தாளோ. அந்தக் குரலில் என்னைப் பற்றிய பெருமை இருந்தது. அதற்கு முன்னால் நான் அதைக் கேட்டதில்லை.

கொத்தனார் சொன்ன நாற்பத்தொன்பதைச் சேர்த்துச் சொல்கிறேனோ என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிப் போட்டாய் என்றும் கேட்கவில்லை. பேசாத பிள்ளை பொய் சொல்லாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். மாமா தன் மகளைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"அப்ப இந்தப் புள்ளயக் குத்தாலத்துக்கு அனுப்புவோம். ஒரு எடம் இருக்குல்ல" என்றார் தலைவர்.

எனக்குப் பிடரியில் ஏதோ பட்டது மாதிரி இருந்தது. ரிப்பன் ஆடுகிற மாதிரி.

"வேணாம்ணே" என்றார் அப்பா. "வீட்டுல வேலைக்கு ஆளு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரோடு மல்லுக்கு நின்றாள். அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"கோல வச்சுப் பாத்தீல்ல?"

தலையாட்டினேன்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னைப் பார்த்துப் பயந்தார். பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒருவர் பயப்படுவதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. குத்தாலத்தில் எந்த வாத்தியாரிடமாவது இதைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"நீ படிச்சது போதும்" என்றார்.

ஆனியில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு தொடங்கியது. தெருப் பெண்களோடு நாங்கள் இருவரும் போனோம். அவளுக்கும் முதல் நடவு, எனக்கும் முதல் நடவு. குத்தாலத்தில் பள்ளிக்கூடம் திறந்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். நாற்றுக்கட்டு வரும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதிதாகப் பூசிய வரப்பு. சேறு வழவழவென்று சிலேட்டு மாதிரி இருந்தது. அவள் விரலால் எழுதத் தொடங்கினாள். முதல் வரி, ஒரு கோல் பன்னிரண்டு அடி. இரண்டாவது வரி, நான்கு கோல் நாற்பத்தெட்டு. பிறகு இருபத்து நான்கு. பிறகு பெருக்கல். கீழே ஐந்நூற்று எழுபத்தாறு.

"எத்தன தடவ போட்டாலும் எனக்கு இதுதான் புள்ள வருது. நீ எப்புடிப் போட்ட? நான் எங்க தப்பு விட்டேன், காட்டேன்."

நான் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்தாள். முதலில் முதல் வரியில்தான் வைத்தாள்.

"இங்கயா?"

"இல்ல. அது சரிதான்" என்றேன்.

"இங்க?"

"அதுவும் சரிதான்."

கடைசி வரிவரை வந்தாள். எல்லாவற்றுக்கும் சரிதான் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் எழுத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் சரின்னா, எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறு" என்றாள். குதிகாலால் அத்தனை வரியையும் மிதித்து மெழுகினாள். அதற்கப்புறம் அவள் கணக்குப் போட்டு நான் பார்க்கவில்லை. கடையில் மீதி வாங்கினால்கூட என்னிடம் கொடுத்து, "சரியா இருக்கா பாரு புள்ள, எனக்குத்தான் வராதே" என்பாள்.

நாற்றுக்கட்டு வந்தது. சேற்றில் இறங்கினோம். பக்கத்துப் பக்கத்து வரிசை. எனக்கு முதுகு நிமிரவில்லை, விரல் நடுவே நாற்று சிக்கியது. அவள் கை பழகின கை மாதிரி குத்திக்குத்திப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. "பாருங்கடி, மொத நாளே என்ன நேரா வைக்கிறா!" என்று பெண்கள் சொன்னார்கள். அவள் வரிசைதான் முதலில் கரையேறியது. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.